பண்ணாம இருக்கறதுக்கு ஒரு கையெழுத்து

கண்ணு, சித்தெ ஜன்னல் பக்கம் நகந்துக்கறயா? ஆங், அப்படித்தான். அரைச் சீட்டு உனக்கு, ஒண்ணரைச் சீட்டு எனக்கு. சிரி, சிரி, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். நூத்தி இருபத்தாறு கிலோ. நீ கேக்கறதுக்கு முந்தி நானே சொல்லிப்போட்டேன். எல்லாரும் மனசுக்குள்ள ஒரு கணக்குப் போட்டுப் பாத்துட்டுத்தான் எடம் விடுவாங்க, வாயத் தொறந்து கேக்க மாட்டாங்க. நானே சொல்லிட்டா ரெண்டு பேருக்கும் நிம்மதி.

நீ எங்க போற, தாராபுரமா? நான் குண்டடத்துல எறங்கிக்குவேன். எம்பேரு துளசிமணி. எங்கூட்டுக்காரரு சென்னியப்பன், கோழிச் செட்டு போட்டிருக்கறோம். கோயமுத்தூருக்கு எதுக்கு வந்தேன்னு கேளு. ஆப்பரேசனை வேண்டாம்னு சொல்றதுக்கு வந்தேன். அதைப் போன்லயே சொல்லிப்போடலாம்னுதான் நானும் நெனச்சேன். அதெல்லாம் ஆகாதாம், நேர்ல வந்து எழுதிக் குடுக்கோணுமாம்.

எடை கொறைக்கற ஆப்பரேசன் கண்ணு. வயித்துல முக்காவாசிய வெட்டி எடுத்துட்டு, மிச்சத்தைக் கொழாயாட்டத் தெச்சு விட்டுடுவாங்களாம். பொறவு நாலு வாய் தின்னா நெறைஞ்சு போகுமாம். ஆவணி பத்தாந்தேதி வான்னு நாள் கூடக் குடுத்துட்டாங்க. இப்ப அது போச்சு.

இதுக்கெல்லாம் மூலம் ஆருன்னு கேட்டீன்னா, என்ற மாமியா. பழனாத்தான்னு பேரு. எண்பது வயசு. ரெண்டு வருசத்துக்கு முன்னால பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு ஒடைஞ்சு போச்சு, அன்னைக்குப் படுத்தவ இன்னும் எந்திரிக்கலை. படுத்த படுக்கைன்னுதான் பேரு, ஆனா அந்தக் கட்டில்ல கெடந்துட்டே குடும்பத்தை ஆட்டி வெக்கறா. அவளுக்கு நான் அந்த ஆப்பரேசன் மேசை மேலயே போயிச் சேந்துடோணும்னு ஆசை. ஏன் அப்படிப் பாக்கற? நான் சும்மா சொல்லலை. முழுசும் கேட்டுட்டு நீயே சொல்லு.

மத்தியானம் எல்லா வேலையும் முடிச்சுப்போட்டு, அவ கட்டிலுக்குப் பக்கத்துல சுவத்துல சாஞ்சு உக்காருவேன். சாஞ்ச ஒடனே கண்ணு சொருகிக்கும். அந்த நேரம் பாத்து, "துளசி! ஏ துளசி!"ன்னு ஒரே கூப்பாடு. பதறியடிச்சுட்டு எந்திரிச்சு, என்னங்கத்தைன்னு கேட்டா, "ஒண்ணுமில்ல சாமி, தூங்கு"ம்பா. மறுபடி கண்ணசந்தா மறுபடி கூப்பாடு. நாலு மாசம் இதே ரோதனை. ஒரு மனுசி அசந்து தூங்கறதைக் கூடப் பொறுக்காத மனசு பாத்துக்க. கேட்டா, "நீ மூச்சு உடறதே இல்லடி, நின்னு போகுது, எனக்குப் பயமாயிருக்குது"ங்கறா. பயமாமே!

அத்தோட உட்டாளா? ஊசி போட வர்ற நர்சம்மாகிட்டப் போட்டுக் குடுத்துட்டா. "அம்மிணி, என்னையப் பாத்தது போதும், என்ற மருமகளைப் பாரு, தூக்கத்துல செத்துச் செத்துப் பொழைக்கறா"ன்னு கையைப் புடிச்சுக்கிட்டு ஒரே அழுவாச்சி. நர்சம்மா என்னைய உக்கார வெச்சு சக்கரை பாத்தாங்க, பிரசர் பாத்தாங்க, அவிய மொகமே மாறிப் போச்சு. கோயமுத்தூருக்குச் சீட்டெழுதிக் குடுத்தாங்க. அப்படித்தான் நான் இந்த ஆசுபத்திரிக்கே வந்தது. இல்லைன்னா நான் பாட்டுக்கு இருந்திருப்பேன்.

டாக்டரம்மா நல்லவங்க, சின்ன வயசு. ஒளிக்காமச் சொன்னாங்க. "ஆயிரம் பேருக்குப் பண்ணினா ஒருத்தரு, ரெண்டு பேரு தவறிடறாங்க. நூத்துல ஒருத்தருக்குத் தெச்ச எடம் கசியும், மறுபடியும் தெறந்து பாக்கோணும். ரத்தம் கட்டி நெஞ்சுக்குப் போகலாம். முடி கொட்டும். ஆயுசுக்கும் சத்து மாத்திரை திங்கோணும். எல்லாம் யோசிச்சுட்டு வாங்க"ன்னாங்க. எனக்கு அதைக் கேட்டுப் பயமே வரலை கண்ணு. ஏன்னு சொல்லட்டுமா? எங்க செட்டுல அஞ்சாயிரம் குஞ்சு எறக்குவோம். காத்தால போனா மொத வேலை, செத்ததைப் பொறுக்கி வாளியில போடறது. நாப்பது நாளைக்குள்ள எரநூறு போகும். அதுக்குக் குஞ்சு குடுக்கற கம்பெனிக்காரன் ஒரு வார்த்தை கேக்க மாட்டான், எங்கூட்டுக்காரரு மீசையத் தடவிட்டு, "இந்தத் தடவை நல்ல ஓட்டம்"ம்பாரு. அஞ்சாயிரத்துக்கு அஞ்சே அஞ்சு சாகுதுன்னா அது கனவுல கூட நடக்காது. டாக்டரம்மாகிட்டயே அதைச் சொல்லிப்போட்டேன். அவிய சிரிச்சுட்டாங்க.

அப்பறம் சிரிப்பை நிறுத்திட்டு இன்னொண்ணும் சொன்னாங்க. "பண்ணாம உட்டாலும் அபாயம் இருக்குதுங்கம்மா. உங்க சக்கரைக்கும், இந்த மூச்சு நிக்கறதுக்கும், நெஞ்சு எத்தனை வருசம் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது. ரெண்டையும் தராசுல வெச்சா எனக்குப் பண்ணாம உடற அபாயந்தான் கனமாத் தெரியுது"ன்னாங்க.

எனக்கு ஆசை வந்துருச்சு கண்ணு, மறைக்க மாட்டேன். கீழ சம்மணம் போட்டு உக்காந்து பன்னண்டு வருசம் ஆச்சு. ஒறம்பரை ஊட்டுக் கண்ணாலத்துக்குப் போனா, பிளாஸ்டிக் சேர் ஒடைஞ்சுருமோன்னு நின்னுட்டே இருந்துட்டு வந்துருவேன். சிவன்மலைப் படியில ஏறி ஒருக்காச் சாமி கும்புடோணும்னு இருந்துச்சு. உனக்கு இதெல்லாம் ஒரு ஆசையான்னு இருக்கும்.

ஊட்டுக்கு வந்து சொன்னேன். எங்கூட்டுக்காரரு ஒடனே சரின்னுட்டாரு. எங்கூடக் குடும்பத்துல ஒருத்தர் வந்து கையெழுத்துப் போடோணும், அவரு கையெழுத்து இல்லாமப் பண்ண மாட்டாங்க. "அதுக்கென்ன, போட்டுட்டாப் போச்சு. ஆயிரத்துக்கு ஒண்ணுதான, நம்ம செட்டை விட நல்ல செட்டு"ன்னாரு. மகன் பிரசன்னா ஓசூர்ல இருக்கறான், பொண்டாட்டியும் அவனும் வேலைக்குப் போறாங்க. அவனும் போன்ல, "பண்ணிக்கம்மா, இப்பெல்லாம் சாதாரணம்"னுட்டான். எங்கூட்டுக்காரரோட அக்கா சாவித்திரி, எனக்கு நங்கையா, பக்கத்து ஊருலதான் இருக்கறாங்க. அவங்களும், "பண்ணிக்க துளசி, எம்பேத்தி சீருக்கு நீ சிட்டாட்ட வந்து நிக்கோணும்"னாங்க. எனக்கு ஒரே குசாலு. நாலு நாளைக்கு நானே ஒரு கல்யாணப் பொண்ணாட்டத் திரிஞ்சேன்.

அதுக்கப்பறம் ரெண்டாந்தடவை ஆசுபத்திரிக்குப் போயிட்டு வந்தேன். சாப்பாடு சொல்லிக் குடுக்கற பொண்ணு ஒண்ணு இருக்குது, அது ஒரு தாளுல எல்லாம் எழுதிக் குடுத்துச்சு. ஊட்டுக்கு வந்து எங்கூட்டுக்காரருக்குச் சோத்தைப் போட்டுட்டு அதைப் படிச்சுக் காட்டினேன். முன்னால ரெண்டு வாரம் வெறும் தண்ணி ஆகாரம். பின்னால ஒரு மாசம் கரைச்ச சோறு. மூணு மாசத்துக்குக் கனமா எதையும் தூக்கப்படாது, ஒரு கொடம் தண்ணி கூடத் தூக்கப்படாது. அவரு சோத்தைப் பெசஞ்சுட்டு இருந்த கை அப்படியே நின்னு போச்சு. "மூணு மாசமா?"ன்னாரு. ஆமாங்கன்னேன். "அப்ப அம்மாளை..."ன்னு என்னமோ ஆரம்பிச்சவரு நிறுத்திட்டாரு. என் மொகத்தையே பாத்தாரு. "இல்ல துளசி, ஆயிரத்துல ஒண்ணு நீயா இருந்துட்டா நான் என்ன பண்ணுவேன்"னு சொல்லிக் கண்ணு கலங்கிட்டாரு.

இருபத்தாறு வருசம் ஆச்சு கண்ணு அவருக்கு வாக்கப்பட்டு. எனக்காக அவரு கண்ணு கலங்கி அன்னைக்குத்தான் பாத்தேன். எம்மேல இத்தனை உசுரு வெச்சிருக்கறாரேன்னு, அந்தத் தாளை மடிச்சு அரிசிப் பானைக்குப் பின்னால வெச்சுட்டேன்.

மாமியாளை நான்தான் தூக்கறது. காத்தால ஒருக்கா தூக்கித் தொடச்சு, துணி மாத்தி, ஒருக்களிச்சுப் படுக்க வெப்பேன். மத்தியானம் ஒருக்கா, பொழுதோட ஒருக்கா. எங்கூட்டுக்காரருக்குக் குடலெறக்கம், குனிஞ்சு வெயிட்டுத் தூக்கப்படாது. தீவன மூட்டை தூக்கறாரேன்னு கேக்காத, அது பழக்கம். நங்கையாளுக்கு மொழங்கால் வலி. எனக்குத்தான் இந்த ஒடம்பு இருக்குதே, ஒரே அணைப்புல தூக்கிருவேன். ஆள் வெக்கறதுக்கும் பாத்தாங்க. ஒருத்தி மூணு நாளைக்கு வந்தா, பொறவு நின்னுட்டா.

மூணு மாசம் தூக்கப்படாதுன்னு அந்தத் தாளைப் படிச்சுக் காட்டின மறுநாள் பிரசன்னா அவனா போன் பண்ணினான். மாசத்துக்கு ஒருக்காப் பேசறவன், அன்னைக்கு அரை மணி நேரம் பேசினான். "அம்மா, நான் இன்னும் படிச்சுப் பாத்தேன், ரொம்ப ரிஸ்க்கும்மா, அவசரப்படாத"ன்னான். மூணு மாசம் அப்பத்தாளை உங்க ஊட்டுல வெச்சுக்கறயா கண்ணுன்னு ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "லிப்ட்டு இல்லாத மூணாவது மாடிம்மா"ன்னான். அதும் நெசந்தான. அப்பறம் தெனமும் எனக்கு வீடியோவா அனுப்பறான், இந்த ஆப்பரேசன் பண்ணி எங்கெங்க ஆராருக்கு என்னென்ன ஆச்சுன்னு. அத்தனை அக்கறை. பெத்த வயிறு குளுந்து போச்சு.

நங்கையா ஒரு படி மேல. "மனுசங்க சொல்றது எதுக்கு, சாமியக் கேட்டுப்போடலாம்"னாங்க. எங்க பக்கம் பூக் கேக்கறது உண்டு. தெரியுமா உனக்கு? ரெண்டு பொட்டலம் கட்டுவாங்க. ஒண்ணுல வெள்ளை அரளி, ஒண்ணுல செவப்பு அரளி. எது எதுன்னு தெரியாமக் கட்டிச் சாமி காலடியில போட்டு, ஒரு சின்னக் கொழந்தையை உட்டு எடுக்கச் சொல்றது. வெள்ளை வந்தாப் பண்ணலாம், செவப்பு வந்தாப் பண்ணப்படாது. எங்க ஊரு அங்காளம்மன் ரொம்பத் துடியான சாமி. கெணறு வெட்டறதுல இருந்து பொண்ணு குடுக்கறது வரைக்கும் அங்க கேக்காமப் பண்ண மாட்டோம்.

வெள்ளிக்கெழமை போனோம். நங்கையாதான் பூப் பறிச்சாங்க, நங்கையாதான் வாழையெலையில வெச்சுக் கட்டினாங்க. என்னையத் திரும்பி நிக்கச் சொன்னாங்க, அது மொறைதான. நான் கண்ணை மூடிட்டு, ஆத்தா, வெள்ளையக் குடு, வெள்ளையக் குடுன்னு வேண்டினேன். வேண்டுனது நெசம், உங்கிட்டச் சொல்றதுக்கென்ன. சாமி கும்புட வந்த ஒரு கொழந்தை எடுத்துக் குடுத்துச்சு. பூசாரி பிரிச்சாரு. செவப்பு. நங்கையா அந்த எடத்துலயே எங்கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதாங்க. "ஆத்தா உன்னையக் காப்பாத்திட்டாடி"ன்னாங்க.

இன்னொரு பொட்டலம் சாமி காலடியிலயே கெடந்துச்சு. சாமி பூவாச்சே, காலுல மிதிபடப்படாதேன்னு எடுத்து மடியில கட்டிட்டு வந்தேன். ஊட்டுல வந்து, தலையில வெச்சுக்கலாம்னு பிரிச்சேன். அதுலயும் செவப்பு அரளிதான் கண்ணு.

எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. நங்கையாளைக் கூப்புட்டுக் காட்டினேன். அவிய வெடுக்குன்னு வாங்கிப் பொட்டலத்தை மறுபடி மடிச்சாங்க. அப்பறம், "பாத்தயா, வெள்ளையக் கூட ஆத்தா செவப்பா மாத்திட்டா. அத்தனை கண்டிப்பாச் சொல்லியிருக்கறா"ன்னாங்க. எந்த ஊட்டுல நடக்கும் இப்படி? எனக்குன்னு சாமி எறங்கி வந்து பூவை மாத்தியிருக்குது. நீ படிச்ச புள்ள, உனக்கு இதெல்லாம் நம்பிக்கை இருக்காது. வேண்டாம், ஒண்ணும் சொல்லாத. நீ என்ன சொல்லுவீன்னு எனக்குத் தெரியும், என்ற மாமியாளே சொல்லிப்போட்டா.

ஆமா, அவதான். கட்டில்ல கெடந்து எல்லாத்தையும் கேட்டுட்டே இருந்திருக்கறா. நங்கையா போன பொறவு என்னையக் கூப்புட்டா. "துளசி, பூவெல்லாம் மாறாது. அவ ரெண்டுலயும் செவப்பைத்தான் வெச்சிருப்பா. நான் பெத்தவ, எனக்குத் தெரியாதா?"ன்னா. கேட்டயா நாயத்தை! பெத்த மகளையே, சாமி விசயத்துல, இப்படிச் சொல்ற வாயை என்ன பண்றது? "என்னைய எங்காச்சும் அனாதை இல்லத்துல கொண்டு போயிப் போட்டுப்போட்டு நீ போயிப் பண்ணிக்க. நீயும் போயிட்டீன்னா நான் என்னடி பண்ணுவேன்"னு ஒரே அழுகை. பாரு, ஊடெல்லாம் வேண்டாங்குது, மகன் வேண்டாங்கறான், கட்டினவரு கண்ணு கலங்கறாரு, சாமியே வேண்டாங்குது. இவ ஒருத்திதான் போ போன்னு தள்றா. இத்தனை வருசம் பீ மூத்தரம் அள்ளினதுக்கு எனக்குக் கெடைச்ச கூலி.

எனக்கு வந்துச்சு பாரு கோவம். "நான் செத்தாத்தான் உங்களுக்குத் திருப்தியா?"ன்னு கத்திப்போட்டேன். கெழவி சுவத்துப் பக்கம் மொகத்தைத் திருப்பிக்கிட்டா.

அன்னையில இருந்து இன்னொரு கூத்து. சோறு பாதிதான் திங்கறா. ரெண்டு வாய் தின்னுட்டுப் போதும்னு வாயை மூடிக்கறா. தண்ணியும் குடிக்கறதில்ல. ஏனுங்கத்தை, ஊருக்குள்ள நான் சோறு போடலைன்னு பேரு வாங்கிக் குடுக்கறதுக்கான்னு கேட்டேன். "இல்ல சாமி, நான் எளைச்சுப் போனா லேசா இருப்பேன். ஆரு வேணாத் தூக்கலாம். அப்ப நீ போலாமல்ல?"ன்னா. என்ன ஒரு நக்கலு பாரு, எடை கொறைக்கறதுக்கு நான் ஆசுபத்திரிக்குப் போறேன்னு எனக்கே எடை கொறைச்சுக் காட்டறாளாம்! நெசமாத்தான் எளைச்சும் போயிட்டா. நேத்துத் தூக்கறப்ப கையில ஒண்ணுமே இல்லாதாட்ட இருந்துச்சு.

சரி, அதை உடு. இன்னைக்கு ஆசுபத்திரில என்ன நடந்துச்சுன்னு சொல்லி முடிச்சுப்போடறேன்.

டாக்டரம்மாகிட்ட வேண்டாங்கன்னு சொன்னேன். ஏன்னு கேட்டாங்க. ஊட்டுல எல்லாரும் பயப்படறாங்க, எம்மேல அத்தனை பாசம்னேன். பூக் கேட்டதைச் சொல்லலை, சிரிப்பாங்கன்னு. அவிய கொஞ்ச நேரம் பேனாவை மேசையில தட்டிட்டே இருந்தாங்க. அப்பறம் ஒரு தாளை எடுத்தாங்க. பண்ணிக்க மாட்டேன்னா வர்ற அபாயமெல்லாம் அதுல எழுதியிருக்குது. ஒவ்வொண்ணா வாசிச்சாங்க. தூக்கத்துல மூச்சு நின்னு போகலாம். நெஞ்சு நின்னு போகலாம். சக்கரையில கண்ணு போகலாம், கிட்னி போகலாம், காலை எடுக்க வேண்டி வரலாம். கை கால் இழுத்துக்கிட்டுப் படுக்கையில விழலாம். எல்லாம் புரிஞ்சுதான் வேண்டாங்கறீங்களான்னு கேட்டாங்க. ஆமாங்கன்னேன்.

எங்கூட்டுக்காரரு வரலீங்களேன்னேன். "அவரு வேண்டியதில்ல, இதுக்கு நீங்க போட்டாப் போதும்"னாங்க. பாத்துக்க. பண்றதுக்கு ரெண்டு பேரு கையெழுத்து வேணும். பண்ணாம இருக்கறதுக்கு நான் ஒருத்தி போட்டாப் போதும். போட்டேன்.

கெளம்பறப்ப, "ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க படுத்துட்டா உங்களை ஆரும்மா தூக்குவாங்க?"ன்னாங்க. எனக்குச் சுருக்குன்னு போச்சு. "ஏனுங்க, எங்கூட்டுக்காரரு இருக்கறாரு, எம்மகன் இருக்கறான், எங்க நங்கையா இருக்கறாங்க"ன்னு வெடுக்குன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன். வேற என்ன சொல்றது? நாலு பேரு இருக்கற ஊட்டுல.

சிங்காநல்லூர்ல பஸ் ஏறினதுல இருந்து அதையேதான் நெனச்சுட்டு வர்றேன். உங்கிட்ட இத்தனை பேசினதும் அதுக்குத்தான், பேசாம இருந்தா அந்தக் கேள்வி வந்து நிக்குது. அவருக்குக் குடலெறக்கம். நங்கையாளுக்கு மொழங்கால். அவன் மூணாவது மாடி. சின்னப்பொண்ணா நான், நூத்தி இருபத்தாறு கிலோ. ஒவ்வொருத்தரையா அந்தக் கட்டிலுக்குப் பக்கத்துல நிக்க வெச்சு வெச்சுப் பாக்கறேன் கண்ணு, ஒருத்தரும் குனிய மாட்டேங்கறாங்க. எந்திரிக்க முடிஞ்சா அந்தக் கெழவி ஒருத்திதான் குனிவா.

குண்டடம் வந்துருச்சு. கண்டக்டரைச் சித்தெ நிறுத்தச் சொல்லு, நான் எந்திரிக்க நேரமாகும். கை குடுக்க வேண்டாம் சாமி, உனக்கு இடுப்புப் புடிச்சுக்கும். காத்தால ஏழு மணிக்குக் கெழவிக்குத் துணி மாத்தி உட்டுட்டு வந்தது. ஊட்டுல அவரு இருக்கறாரு, நங்கையா கூட வந்திருக்கறாங்க. ஆனாலும் நனைஞ்சுதான் கெடப்பா.